பசங்க (திரைப்படம்)

'பசங்க', பாண்டிராஜ் எழுதி இயக்கிய முதல் படம். 2009 மே மாதம் வெளிவந்தது. 'சுப்ரமணியபுரம்' எடுத்த சசிகுமார் இதைத் தயாரித்தார்; இசை ஜேம்ஸ் வசந்தன். கதை நடப்பது புதுக்கோட்டை மாவட்டத்து விராச்சிலையில். அங்கே பள்ளி ஆசிரியர் சொக்கலிங்கத்தின் மகன் ஜீவா, பக்கடா, குட்டிமணி ஆகியோரைச் சேர்த்துக்கொண்டு வகுப்பையே ஆட்டிப்படைக்கிறான். எதிர்வீட்டுக்குக் குடிவந்து அதே வகுப்பில் சேர்கிறான் அன்புக்கரசு. பெயருக்குப் பின்னால் 'ஐ.ஏ.எஸ்.' போட்டுச் சொல்லிக்கொள்ளும் அவனைச் சுற்றி இன்னொரு அணி உருவாகிறது. 57ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம், சிறந்த வசனம், சிறந்த குழந்தை நட்சத்திரம் ஆகியவை இதற்குக் கிடைத்தன. கடைசி விருதை ஜீவாவாக நடித்த ஸ்ரீராமும் அன்புக்கரசுவாக நடித்த கிஷோரும் பகிர்ந்துகொண்டார்கள். பகையாளிகளாக நடித்த இருவருக்கும் ஒரே விருது என்பது பொருத்தம்தான்.

சிறுவர் அணிகளின் மோதல் உலக இலக்கியத்துக்குப் பழைய சரக்கு. லூயி பெர்கோ 1912இல் எழுதிய பிரெஞ்சு நாவலில், பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பையன்கள் சண்டையிட்டு, பிடிபட்டவனின் சட்டைப் பொத்தான்களை அறுத்தெடுக்கிறார்கள். ஈவ் ரொபேர் 1962இல் அதைப் படமாக்கினார். ஹங்கேரியின் மோல்னார் எழுதிய கதையில் புடாபெஸ்ட் நகரத்துக் காலிமனை ஒன்றுக்காகச் சண்டை. இரண்டிலும் சண்டைக்கென்று ஓர் எல்லை உண்டு; அதைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டால் பையன் வெறும் பிள்ளைதான். 'பசங்க' இந்த எல்லையை எடுத்துவிடுகிறது. எதிரி உட்கார்ந்திருப்பது அதே வகுப்பில், குடியிருப்பது எதிர்வாசலில். எனவே பையன்களின் சண்டை பெற்றோரின் சண்டையாகத் தெருவுக்கு வருகிறது, பெரியவர்களின் வாய்ச்சொல் பையன்களின் வாய்க்குப் போகிறது. அன்புவின் அப்பா வெள்ளைச்சாமிக்கும் அம்மாவுக்கும் இடையே ஓயாத சச்சரவு வேறு. அந்த வீட்டுச் சத்தம் பிள்ளையை என்ன செய்கிறது என்று வெள்ளைச்சாமிக்கு சொக்கலிங்கம் எடுத்துச்சொல்லும் இடமே படத்தின் மையம். பெரியவர்கள் சமாதானமான பிறகும் பையன்கள் முறுக்கை விடுவதில்லை. பகையைக் கற்றுக்கொடுப்பது எளிது, அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது கடினம் என்ற இந்தக் கவனிப்பால்தான், குழந்தைகளைப் பற்றிய படம் பெற்றோரைப் பற்றிய விசாரணையாகிறது.

இந்தப் பாராட்டுக்கு வலுவான மறுப்பு தருமபுரி மாவட்டத்திலிருந்து வரக்கூடும். 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. பின்னணியில் சாதி கடந்த ஒரு காதல் திருமணம். ஊர்த்தெரு, காலனி என்ற பிரிவு தெரிந்த வாசகர், 'இந்தப் பையன்கள் எந்தத் தெரு?' என்று கேட்பது நியாயம். படத்தில் சாதி பேசப்படுவதே இல்லை. விமல் நடித்த மீனாட்சிசுந்தரம் அன்புவின் சித்தப்பா. வேகா நடித்த சோபிக்கண்ணு ஜீவாவின் அக்கா. இவர்களின் காதலுக்கு எதிர்வீட்டுப் பகைதான் தடை, பிறப்பு தடையே இல்லை. இரு குடும்பமும் கொள்வினை கொடுப்பினைக்கு உரியவை என்று படம் சொல்லாமலே வைத்துக்கொள்கிறது. அதன் இனிய முடிவு அந்த மௌனத்தின் மேல்தான் நிற்கிறது. இது குறைதான், மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் பகை வீட்டிலிருந்து வகுப்பறைக்கு எப்படி நடந்துபோகிறது என்று படம் காட்டும் வழி, சாதிக்கும் அப்படியே பொருந்தும். பிள்ளை அதையும் திண்ணைப் பேச்சில்தான் கேட்டுக்கொள்கிறது. மருந்து போதாது என்பதால் நோய்க்குறியைச் சரியாகக் கண்டது பொய்யாகிவிடாது.

இன்னொரு குறை, பிள்ளைகள் பெரிய நடிகர்களைப் போல மிடுக்காக அறிமுகமாகிறார்கள் என்பது. இல்லாத பைக்கை வாயாலேயே ஓட்டிப்போகும் பையனைப் பார்த்தவருக்கு அது கேலி என்று புரியும். தமிழ்ப் பிள்ளை வீரத்தைச் சினிமாவில்தானே படிக்கிறது! விபத்தில் அடிபட்டுக் கிடக்கும் அன்புவைக் கைதட்டலும் ஊக்கச்சொல்லும் மீட்கும் முடிவுக்கு அவ்வளவு பரிந்துபேச முடியாது. அது மருத்துவமுமில்லை, யதார்த்தமுமில்லை. ஆனாலும் கைதட்டல் திடீரென்று வந்து குதிக்கவில்லை. பாராட்டுக் கிடைக்காத பிள்ளை முரடாகிறது என்று படம் முன்பே சொல்லிவைத்திருக்கிறது.

பாண்டிராஜ் பிறகு 'மெரினா' (2012), 'பசங்க 2' (2015) ஆகியவற்றிலும் பிள்ளைகளிடம் திரும்பினார். ஆனால் இந்தப் படத்தின் உண்மையான தொடர்ச்சி விஜய் மில்டனின் 'கோலி சோடா' (2014). பாண்டிராஜ் வசனம் எழுதிய அந்தப் படத்தில், கிஷோர், ஸ்ரீராம் உள்ளிட்ட அதே பையன்கள் நால்வர் கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்குகிறார்கள். அங்கே அவர்களுக்குப் பெற்றோர் இல்லை, வீடு இல்லை. தங்களுக்குள் பகையும் இல்லை.