தச்சர் தாமஸ் லிங்கனும் லிட்டில் பிஜியன் சபையும்

தாமஸ் லிங்கன் 1778 ஜனவரி 6 அன்று வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுண்டியில் பிறந்தார். தகப்பனார் ஆபிரகாம், அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில் உள்ளூர்ப் படையில் கேப்டனாக இருந்தவர். தாயார் பாத்ஷீபா. தகப்பனாரின் பெயரையே தாமஸ் பின்னாளில் தம் மகனுக்கு வைத்தார். அந்த மகன் அமெரிக்காவின் 16ஆவது அதிபர் ஆனார்.

மகனின் புகழ் தகப்பனுக்கு நன்மை செய்யவில்லை. ஆபிரகாம் லிங்கனோடு வக்கீல் தொழில் நடத்திய வில்லியம் ஹெர்ண்டன் 1889இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு தொடங்கி, தாமஸை ஒரு சோம்பேறியாக, ஓரிடத்தில் நிலைக்காத நாடோடியாகக் காட்டுவதே வழக்கமாகிவிட்டது. 1920களில் லூயிஸ் வாரன் என்ற ஆய்வாளர் கென்டக்கியின் நீதிமன்றக் கட்டுகளையும் வரிப் பதிவேடுகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். அங்கே வேறொரு மனிதர் இருந்தார்: நிலம் வாங்கியவர், வரி செலுத்தியவர், ஜூரியாக அமர்ந்தவர், கைத்தொழில் தெரிந்தவர். இண்டியானாவின் காட்டுப்பகுதியில் இருந்த லிட்டில் பிஜியன் பாப்டிஸ்டு சபையின் நடவடிக்கைப் புத்தகமும் இதே மனிதரைத்தான் காட்டுகிறது. மகன் வழியாக அல்லாமல் இந்தப் பதிவுகளின் வழியாகப் பார்ப்பதே தாமஸுக்குச் செய்யும் நியாயம்.

1780களின் தொடக்கத்தில் கேப்டன் லிங்கன் குடும்பம் மலைத்தொடரைக் கடந்து கென்டக்கிக்கு வந்தது. அது பூர்வகுடிகள் தங்கள் மண்ணை விட்டுக்கொடுக்க மறுத்துப் போராடிய காலம். 1786 மே மாதம் வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது கேப்டன் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். எட்டு வயது தாமஸ் தகப்பனின் உடலருகே நின்றான். இரண்டாவது அண்ணன் ஜோசையா உதவி கேட்டு ஓடினான். மூத்தவன் மோர்டெக்காய் வீட்டிலிருந்து துப்பாக்கியால் சுட்டு, தம்பியை நெருங்கிய பூர்வகுடி வீரரைக் கொன்றான். தாமஸ் ஆயுள் முழுவதும் இந்தச் சம்பவத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த கதைகளில் இதற்கே முதலிடம்.

கேப்டன் லிங்கன் விட்டுப்போன நிலம் 5,000 ஏக்கருக்கு மேல். ஆனால் அன்றைய வர்ஜீனியச் சட்டப்படி உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் மூத்த மகனுக்கே சேரும். மோர்டெக்காய் வசதியான நிலக்கிழாரானார். கடைக்குட்டி தாமஸ் கூலிவேலைக்குப் போனார். படிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. தட்டுத்தடுமாறித் தம் பெயரை எழுதுவார், அவ்வளவுதான். பிற்காலத்தில் அவர்மீது சுமத்தப்பட்ட ஏழ்மைப் பழியில் பாதிக்கு இந்த வாரிசுச் சட்டமே பொறுப்பு.

தச்சுவேலை கற்றுக்கொண்டு, கூலியைச் சேர்த்து, 1803இல் ஹார்டின் கவுண்டியில் 238 ஏக்கர் நிலத்தை 118 பவுண்டுக்கு வாங்கினார். 1806 ஜூன் 12 அன்று நான்சி ஹாங்க்ஸை மணந்தார். இருவரும் எலிசபெத்டவுனில் குடித்தனம் தொடங்கினர். 1807 பிப்ரவரியில் மகள் சாரா பிறந்தாள். 1808 இறுதியில் சிங்கிங் ஸ்பிரிங் என்ற பண்ணைக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கேதான் 1809 பிப்ரவரி 12 அன்று ஆபிரகாம் பிறந்தார். அடுத்து நாப் கிரீக் பண்ணை. அங்கே பிறந்த மூன்றாவது குழந்தைக்குத் தாமஸ் என்றே பெயர் வைத்தார்கள். அது கைக்குழந்தையாகவே இறந்துவிட்டது.

தாமஸும் நான்சியும் லிட்டில் மவுண்ட் என்ற பாப்டிஸ்டு சபையோடு சேர்ந்திருந்தார்கள். அந்த வட்டாரத்து பாப்டிஸ்டுகளை அப்போது பிளந்துகொண்டிருந்தது அடிமைமுறை. ஹார்டின் கவுண்டியின் 1811ஆம் ஆண்டு வரிப் பட்டியலில் 16 வயதுக்கு மேற்பட்ட வெள்ளையின ஆண்கள் 1,627 பேர். அடிமைகள் 1,007 பேர். சவுத் ஃபோர்க் சபை 1808இல் இதே விஷயத்தில் இரண்டாக உடைந்தது. அடிமைமுறை தவறு என்று நம்பியவர்கள் வெளியேறித் தனிச் சபை கண்டார்கள். லிட்டில் மவுண்ட் அந்த எதிர்ப்பாளர்களின் பக்கம் நின்றது. அதன் போதகர்கள் வில்லியம் டவுன்ஸ், டேவிட் எல்கின் இருவருமே அடிமைமுறையை எதிர்த்தவர்கள். அதே தாமஸ் முன்பு கவுண்டி ரோந்துப் படையிலும் பணியாற்றியிருந்தார். அனுமதிச் சீட்டின்றி நடமாடும் அடிமைகளைப் பிடிப்பது அப்படையின் வேலைகளில் ஒன்று. அந்த உண்மையை மறைக்க வேண்டியதில்லை. அடிமை வைத்திருந்த சமூகத்தின் நடுவிலிருந்து அவர் இந்தச் சபைக்கு வந்து சேர்ந்தார் என்பதே கவனிக்கத்தக்கது.

அன்றைய கென்டக்கியில் நிலத்தை முறையாக அளந்து பட்டா கொடுக்கும் ஏற்பாடு கிடையாது. ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று பேர் பத்திரம் வைத்திருப்பார்கள். தாமஸின் மூன்று பண்ணைகளிலும் வில்லங்கம் வந்தது. முதல் பண்ணையை 1814இல் விற்கும்போது 238 ஏக்கர் 200 ஆகச் சுருங்கியிருந்தது. நாப் கிரீக்கில் அவரையும் அக்கம்பக்கத்துக் குடியானவர்களையும் வெளியேற்றச் சொல்லி வழக்கு. அந்த வழக்கில் தாமஸ்தான் ஜெயித்தார், ஆனால் தீர்ப்பு வந்தபோது அவர் மாநிலத்திலேயே இல்லை. இண்டியானாவுக்குப் போனதற்கு அடிமைமுறை ஒரு காரணம், நிலப் பத்திரத் தொல்லையே பெரிய காரணம் என்று மகன் 1860இல் எழுதிவைத்தார்.

1816 டிசம்பரில், இண்டியானா மாநிலமாக ஆன அதே மாதத்தில், குடும்பம் ஒஹையோ ஆற்றைக் கடந்தது. அங்கே அடிமைமுறைக்குச் சட்டத்தில் இடமில்லை; நிலத்தை மத்திய அரசே அளந்து விற்றது. ஏக்கர் 2 டாலர். லிட்டில் பிஜியன் கிரீக் அருகே தாமஸ் 160 ஏக்கருக்கு வின்சென்ஸ் நில அலுவலகத்தில் முன்பணம் கட்டினார். முழுத்தொகை கட்ட இயலாமல் 1827இல் பாதியை அரசிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதி 80 ஏக்கரைக் கடனின்றித் தமதாக்கிக்கொண்டார். எல்லைப்புறக் குடியானவர்கள் பலர் அந்த அளவுகூட மீட்கவில்லை.

காடு வெட்டிய இரண்டாம் ஆண்டே பேரிடி விழுந்தது. வெண்ணிறப் பூப் பூக்கும் ஒரு நச்சுச்செடியைத் தின்ற மாடுகளின் பாலைக் குடித்தவர்கள் நடுக்கமும் வாந்தியும் கண்டு மடிந்தார்கள். பால்நோய் என்றார்கள், காரணம் அப்போது யாருக்கும் விளங்கவில்லை. நான்சியின் உறவினர்களான ஸ்பேரோ தம்பதியர் முதலில் போனார்கள். 1818 அக்டோபர் 5 அன்று நான்சியும் இறந்தார். மனைவியின் சவப்பெட்டிக்கு மரம் அறுத்ததும் இழைத்ததும் தாமஸேதான். அதற்கு ஆணியாக அடிக்க மரமுளைகளைச் செதுக்கித் தந்தவன் ஒன்பது வயது ஆபிரகாம் என்று உடனிருந்த டென்னிஸ் ஹாங்க்ஸ் பின்னாளில் சொன்னார். போதகர் இல்லாமலே அடக்கம் நடந்தது.

ஓராண்டுக்கு மேல் சமாளித்துப் பார்த்த தாமஸ், 1819 டிசம்பர் 2 அன்று எலிசபெத்டவுனில் சாரா புஷ் ஜான்ஸ்டனை மணந்தார். அவர் கணவனை இழந்தவர். எலிசபெத், மட்டில்டா, ஜான் என்று மூன்று பிள்ளைகள். சாரா வண்டி நிறையத் தட்டுமுட்டுச் சாமான்களும் சில புத்தகங்களும் கொண்டுவந்தார். இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளையும் அவர் வேறுபாடு பார்க்காமல் வளர்த்தார். கடைசிவரை ஆபிரகாம் அவரை அம்மா என்றே அழைத்தார்.

லிட்டில் பிஜியன் சபை 1816 ஜூன் மாதம் அமைந்தது. எல்லைப்புறத்து பாப்டிஸ்டு சபையில் சம்பளம் வாங்கும் போதகர் இல்லை. வாரம் முழுவதும் ஏர் பிடித்தவரே ஞாயிறன்று பிரசங்கம் செய்வார். உதவிக்காரர்கள், எழுத்தர், டிரஸ்டிகள் எல்லாரும் சபையாரே தேர்ந்த குடியானவர்கள். மாதம் ஒரு சனிக்கிழமை சபைக்கூட்டம் கூடும். குடிவெறி, வாய்ச்சண்டை, கடன் தகராறு என்று எல்லாம் அங்கே விசாரிக்கப்படும். மனம் வருந்தியவரைச் சேர்த்துக்கொள்வார்கள், மறுத்தவரை விலக்கிவைப்பார்கள். நீதிமன்றம் பல மைல் தொலைவில் இருந்த ஊரில், சபையே பஞ்சாயத்து. ஓடையில் முழுக்கு ஞானஸ்நானம், ஒருவர் காலை ஒருவர் கழுவும் சடங்கு, இரட்சிக்கப்படுவோரைக் கடவுள் முன்னமே தெரிந்துகொண்டார் என்ற உறுதியான நம்பிக்கை ஆகியவை அச்சபையின் அடையாளங்கள்.

1821இல் சபை தனக்கென்று ஆராதனைக் கூடம் கட்டத் தீர்மானித்தபோது, கட்டுமானத்தை மேற்பார்க்கும் பொறுப்பு தாமஸிடம் வந்தது. செதுக்கிய மரக்கட்டைகளால் ஆன, 30 அடிக்கு 26 அடி கொண்ட கூடம் அது. அப்போது அவர் அச்சபையின் அங்கத்தினரே அல்ல. கென்டக்கியில் அவர் சார்ந்திருந்தது பாப்டிஸ்டுகளில் வேறொரு பிரிவு. அதனால் சேரத் தயங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அங்கத்தினர் அல்லாதவரை நம்பிக் கூடத்தை ஒப்படைத்தார்கள் என்றால், ஊரில் அவர் வேலைக்கும் சொல்லுக்கும் இருந்த மதிப்பு தெளிவாகிறது. அவர் செய்ததாகக் கருதப்படும் மூலை அலமாரிகள் சில இன்றும் இருக்கின்றன. மரப்பதிப்பு வேலைப்பாடு கொண்ட அவை சோம்பேறியின் கைவேலை ஆகாது.

1823 ஜூன் 7 அன்று தாமஸ் பழைய சபையின் மாற்றுக் கடிதத்தைக் கொடுத்தும், மனைவி சாரா தம் மனமாற்ற அனுபவத்தைச் சபையார் முன் எடுத்துச் சொல்லியும் சேர்ந்தார்கள். அதன்பின் தாமஸ் டிரஸ்டிகளில் ஒருவராகக் கூடத்தைப் பராமரித்தார். தகராறுகளை விசாரிக்கும் குழுக்களிலும் இடம்பெற்றார். மகள் சாரா 1826 ஏப்ரலில் சபையில் சேர்ந்தாள். அதே ஆண்டு ஆகஸ்டில், பக்கத்து கிரிக்ஸ்பி குடும்பத்து ஆரனுக்கு வாழ்க்கைப்பட்டாள். 1828 ஜனவரியில் பிரசவத்தில் தாயும் சேயும் இறந்தார்கள். சபைக் கல்லறைத் தோட்டத்திலேயே அவளை அடக்கம் செய்தார்கள். சரியான நேரத்தில் உதவிக்கு ஆளனுப்பவில்லை என்று கிரிக்ஸ்பி வீட்டார்மீது ஆபிரகாமுக்குத் தீராத கசப்பு.

ஆபிரகாம் மட்டும் சபையில் சேரவே இல்லை. ஆராதனைக்குப் போவான், திரும்பி வந்து, மற்றப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக்கொண்டு போதகரின் பிரசங்கத்தை அப்படியே பேசிக்காட்டுவான். வயல்வேலை நின்றுபோகிறது என்று தகப்பன் கடிந்துகொள்வார். 21 வயதுவரை மகனின் உழைப்புக் கூலி தகப்பனுக்கே என்பது அன்றைய சட்டம். தாமஸ் மகனை அக்கம்பக்கத்தில் கூலிக்கு அனுப்பி அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டார். இருவருக்குமான விலகல் இங்கேதான் வேர்விட்டது.

1829 டிசம்பரில் இல்லினாய்ஸ் போவதற்காகத் தாமஸும் சாராவும் மாற்றுக் கடிதம் கேட்டார்கள், சபை கொடுத்தது. அடுத்த மாதமே நான்சி கிரிக்ஸ்பி என்ற அங்கத்தினர் அவர்கள்மீது மனக்குறை தெரிவித்ததால், கடிதம் திரும்பப் பெறப்பட்டது. மாநிலத்தை விட்டே போகிறவர்களானாலும் பிணக்கோடு போக விடமாட்டார்கள் என்பது சபை ஒழுங்கின் கண்டிப்பு. பேசித் தீர்த்த பிறகே விடை கிடைத்தது. நிலத்தை 125 டாலருக்கு விற்றுவிட்டு, 1830 மார்ச் மாதம் மாட்டுவண்டிகளில் புறப்பட்டார்கள்.

முதலில் மேக்கன் கவுண்டி. அந்தக் குளிர்காலத்தின் கடும் பனிப்பொழிவும் அதற்கு முந்தைய இலையுதிர்காலக் காய்ச்சலும் அவர்களை அங்கே நிலைக்கவிடவில்லை. அடுத்த ஆண்டு கோல்ஸ் கவுண்டிக்குப் போய், சில இடமாற்றங்களுக்குப் பின் கூஸ்நெஸ்ட் பிரெய்ரியில் தங்கினார்கள். வயது வந்த ஆபிரகாம் தனியே பிரிந்துபோய் வக்கீலானார். 1841இல் தகப்பனின் 40 ஏக்கரை 200 டாலருக்குத் தாமே வாங்கி, பெற்றோர் இருவரும் உயிரோடுள்ளவரை அனுபவிக்கலாம் என்று ஏற்பாடு செய்தார். பணம் கொடுத்தார், நெருக்கம் கொடுக்கவில்லை. தம் மனைவி மேரியையும் பிள்ளைகளையும் தாமஸிடம் அழைத்துவந்ததே இல்லை. 1851 ஜனவரியில் தகப்பன் மரணப்படுக்கையில் கிடந்தபோதும் வரவில்லை. சந்தித்தால் மகிழ்ச்சியைவிட வேதனையே மிஞ்சும் என்ற கருத்தில் மாற்றாந்தாய் மகன் ஜானுக்குக் கடிதம் எழுதினார். ஜனவரி 17 அன்று தாமஸ் இறந்தார். அடக்கத்துக்கும் ஆபிரகாம் வரவில்லை. இரண்டாண்டு கழித்துப் பிறந்த தம் கடைசி மகனுக்குத் தாமஸ் என்று பெயரிட்டார்.

அந்த 40 ஏக்கரை விற்றுவிடலாம் என்று ஜான் ஜான்ஸ்டன் 1851இன் இறுதியில் யோசனை சொன்னபோது, அம்மாவின் பங்குக்கு ஆபத்து வரும் என்று ஆபிரகாம் கண்டிப்பாக மறுத்துவிட்டார். அதிபராகப் பதவியேற்க வாஷிங்டன் புறப்படுமுன், 1861 ஜனவரி கடைசியில் கோல்ஸ் கவுண்டிக்கு வந்து சாராவைப் பார்த்தார்; தகப்பனின் கல்லறைக்கும் போனார். மகன் கொல்லப்பட்ட செய்தியையும் கேட்டு உயிர்வாழ்ந்த சாரா 1869இல் இறந்து, ஷைலோ கல்லறைத் தோட்டத்தில் கணவர் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.