தென்னக ரயில்வேயிலிருந்து ரிங்வுட் வரை: அயல்நாட்டு லீக்குகளில் இந்தியக் கூடைப்பந்தாட்டக்காரர்கள்

கூடைப்பந்து அமெரிக்கர்கள் வழியாக இந்தியாவுக்கு வந்த ஆட்டம். சம்பளத்துக்கு அதை ஆட இந்தியர்கள் வெளிநாடு போகத் தொடங்கியதோ மிக அண்மையில்தான். திறமைக் குறைவு ஒன்றே இந்தத் தாமதத்துக்குக் காரணமல்ல. இந்தியாவில் ஆட்டக்காரர்களுக்குச் சோறு போட்டது லீக் அல்ல, அரசு வேலை. அந்த ஏற்பாட்டின் வலிமையும் குறையும் அயல்நாடு சென்ற ஒவ்வொருவரின் வாழ்க்கையிலும் தடம் பதித்திருக்கின்றன.

1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அதே நிறுவனத்தில் பயின்ற ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் உடற்கல்விப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுவே. ஆசியாவில் இவ்வகையில் முதலாவது அது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்குப் பக் மேலாளராக இருந்தார். 1943-இல் மறையும் வரை கல்லூரியை அவரே நடத்தினார். அங்கே படித்து வெளியேறியவர்கள் மாவட்டம்தோறும் பி.டி. மாஸ்டர்களாகப் போய்ச் சேர்ந்தார்கள். தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்களில் இரண்டு கம்பமும் இரண்டு வளையமும் நின்றதில் அவர்களின் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. கோப்பைகளின் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது. ஆனால் இந்த வரலாற்றின் அடித்தளம் அவர்கள்தான்.

ஆடவர் தேசியப் போட்டி 1934-இல் தில்லியில் தொடங்கியது. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1950-இல் அமைந்தது. தொழில்முறை லீக் மட்டும் நெடுங்காலம் வரவில்லை. அதன் இடத்தை ரயில்வே, ராணுவம், வங்கிகள், ஓ.என்.ஜி.சி., மின்வாரியம், காவல்துறை ஆகியவற்றின் அணிகள் நிரப்பின. நன்றாக ஆடுகிற பையனுக்கோ பெண்ணுக்கோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். பிறகு அந்த நிறுவனத்தின் பனியனைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆட வேண்டும்.

காவிரிப் படுகையில் இதன் மதிப்பு எளிதில் புரியும். திருச்சி–தஞ்சாவூர் ரயில் பாதையில் உள்ள பூதலூரும் சுற்றுக் கிராமங்களும் ஆற்றுநீரை நம்பிய நெல் பூமி. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்குமா, கல்லணையிலிருந்து தண்ணீர் எப்போது வந்து சேரும் என்பதைப் பொறுத்தே குறுவை. அப்படியொரு குடும்பத்தில் உயரமாக வளர்ந்து தஞ்சாவூர் மைதானத்துக்குப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு, மாதம் பிறந்தால் கைக்கு வருகிற ரயில்வே சம்பளம் சாதாரண விஷயமல்ல. இரண்டு வருட வெளிநாட்டு ஒப்பந்தத்தையும் ஓய்வுபெறும் வரை நீடிக்கிற உத்தியோகத்தையும் எதிரெதிரே வைத்தால் வீட்டார் எதைத் தேர்வார்கள் என்பதில் ஐயமே இல்லை. அந்தத் தேர்வைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையும் இல்லை.

இந்த ஏற்பாடு தனக்கே உரிய ஓர் ஆட்டப் பண்பாட்டை வளர்த்தது. பெரியகுளத்தில் வெள்ளிவிழா விளையாட்டுக் கழகம் மே மாதங்களில் நடத்தும் அகில இந்தியப் போட்டி அதற்குச் சிறந்த சான்று. திறந்தவெளித் தரை, மின்விளக்கு வெளிச்சம், சுற்றிலும் ஆட்டம் தெரிந்த கூட்டம். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் கடற்படையும் மோதும் இரவில் ஊரே அங்கேதான். கோவையின் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக்கும் இத்தகைய மதிப்புண்டு. ஆனால் இவை சில நாளில் முடிந்துவிடும் போட்டிகள். வாரம் தவறாமல் பல மாதங்கள் நீளும் லீக்கில் ஆடுபவருக்கு எதிரணியைப் படிக்கவும், சரிந்த ஆட்டத்தைச் சீராக்கவும் அவகாசம் உண்டு. இந்திய ஆட்டக்காரருக்கு அது வாய்க்கவில்லை.

வெளியுலகில் நிலைமை வேறு. அமெரிக்கர்கள் கடல் கடந்து ஆடுவது 1960-களிலேயே கவனிக்கத்தக்க வழக்கமாகிவிட்டது. பிரின்ஸ்டனில் படித்த பில் பிராட்லி, ஆக்ஸ்ஃபோர்டில் மேற்படிப்புக்குச் சேர்ந்த 1965–66 பருவத்தில் இத்தாலியின் மிலான் அணிக்காக ஆடி ஐரோப்பியக் கோப்பையை வென்றார். அவருக்குப் பின்னே எண்ணற்றவர்கள் இத்தாலி, ஸ்பெயின், துருக்கி, சீனா, பிலிப்பைன்ஸ் என்று போனார்கள். அந்த லீக்குகள் பலவற்றில் ஓர் அணி எத்தனை வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. ஒன்றிரண்டு இடத்தை நிரப்ப வருகிற 'இம்போர்ட் பிளேயர்' உள்ளூர்க்காரர்களைவிடத் தெளிவாக மேலானவராக இருந்தாக வேண்டும். ஆகவே வெளிநாட்டில் வாய்ப்புத் தேடும் இந்தியருக்குப் போட்டி அந்நாட்டுக்காரரோடு அல்ல, அதே இடத்துக்கு வரிசையில் நிற்கும் அமெரிக்கரோடு.

இந்தச் சூழலில்தான் கீத்து அன்னா ஜோஸின் முயற்சியை எடைபோட வேண்டும். 1985-இல் பிறந்தவர், கோட்டயம் பகுதிப் பெண், ஆறடி இரண்டங்குல உயரம். சங்கனாசேரி அசம்ப்ஷன் கல்லூரியில் படித்து, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னக ரயில்வேயின் அணிக்கு வந்தார். 2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 'பிக் வி' லீக்கில் மெல்போர்னின் கிழக்குப் புறநகரான ரிங்வுட்டின் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். பிக் வி முழுத் தொழில்முறை லீக் அல்ல, பகுதித் தொழில்முறைதான். இருந்தாலும் உள்ளரங்க மரத்தளத்தில், பருவம் முழுக்க, தன்னை அறியாத பயிற்சியாளரின் கீழ் ஆடும் அனுபவம் அங்கே கிடைத்தது. இந்தியாவில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அன்று அது கிடைத்திருக்காது.

2011-இல் அமெரிக்காவின் மகளிர் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் மூன்று அணிகள், சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்பார்க்ஸ், சான் அன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ், அவரைத் தேர்வுப் பயிற்சிக்கு அழைத்தன. இந்தியப் பெண் ஒருவருக்கு இத்தகைய அழைப்பு வந்தது அதுவே முதல் முறை. ஒப்பந்தம் கிடைக்கவில்லை. அன்று அந்த லீக்கில் 12 அணிகள். அணிக்கு 11 பேர். ஆக உலகம் முழுமைக்கும் 132 இடங்கள். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தின் நான்காண்டுப் புடம் இல்லாமல் அந்த வாசல்வரை ஒருவர் போனதே இந்தியக் கூடைப்பந்தின் பெரிய சாதனைகளில் ஒன்று. 2014-இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது.

அவருடைய சமகாலத்தவரும் தென்னக ரயில்வேயில் உடன் ஆடியவருமான சென்னையின் அனிதா பால்துரை, உள்நாட்டு வேலையிலேயே நிலைத்து ஆடும் மறுபாதையின் உச்சம். 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியப் போட்டிகளில் ஆடினார்; தாய்மைக்குப் பிறகும் திரும்பி வந்தார். 2017-இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவில் கஜகஸ்தானை 75–73 என வீழ்த்திப் பட்டம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கினார். 2021-இல் பத்மஸ்ரீ. அவ்வளவு நீண்ட ஆட்டக்காலத்தை ரயில்வே வேலை தாங்கிப் பிடித்தது என்பதை மறுக்க முடியாது.

ஆடவரில் திருப்புமுனை 2014 ஜூலை. சீனாவின் ஊஹானில் ஆசியக் கோப்பைப் போட்டியில் அமெரிக்கரான ஸ்காட் ஃபிளெமிங்கின் பயிற்சியில் இந்தியா சீனாவை 65–58 என வென்றது. அந்த அணியின் அம்ஜோத் சிங்கும் அம்ரித்பால் சிங்கும் பிறகு ஜப்பானில் டோக்கியோ எக்ஸலன்ஸ் அணிக்கு ஆடினார்கள். 2017-இல் அம்ரித்பாலை ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸும், ஓ.என்.ஜி.சி.யின் விசேஷ் பிருகுவன்ஷியை அடிலெய்ட் 36ers அணியும் ஒப்பந்தம் செய்தன. அம்ஜோத், அமெரிக்காவின் ஆடவர் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் துணை லீக்கில் ஓக்லஹோமா சிட்டி புளூ அணிக்குப் போனார். செய்தித்தாள்கள் இவற்றைக் கொண்டாடின. களத்தில் கிடைத்த நிமிடங்களோ குறைவு. உயரம் கதவைத் திறந்தது. வளையத்தின் அடியில் நின்றே ஆடிப் பழகிய நெட்டையர்களிடம் அந்த லீக்குகள் தூரத்திலிருந்து எறியும் கையையும் வேகமாகப் பின்னோடித் தடுக்கும் காலையும் கேட்டன. இவை இருபத்தைந்து வயதுக்கு மேல் எளிதில் வருவதில்லை.

இளவயதிலேயே அனுப்பினால் என்ன என்ற கேள்விக்குச் சத்னாம் சிங் ஒரு விடை. பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து விவசாயி மகன். 2010-இல், பதினான்கு வயதில், ஃபுளோரிடாவின் ஐ.எம்.ஜி. அகாடமிக்கு உதவித்தொகையில் போனார். 2015 ஜூனில் என்.பி.ஏ.வின் வருடாந்திர வீரர் தேர்வில் (டிராஃப்ட்) டல்லஸ் மாவெரிக்ஸ் அவரை 52-ஆம் தேர்வாக எடுத்தது. என்.பி.ஏ. அணி ஒன்றால் தேர்வு செய்யப்பட்ட முதல் இந்தியர் அவர். ஆனால் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. துணை லீக்கில் டெக்சாஸ் லெஜண்ட்ஸ், பிறகு கனடாவில் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் என்று ஆடினார். ஊக்கமருந்துத் தடைக்குப் பின் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார். ஒருவரை மட்டும் பிடுங்கி நட்டுப் பயனில்லை என்பதை அவர் கதை காட்டுகிறது. 2017-இல் தில்லி அருகே என்.பி.ஏ. அகாடமி தொடங்கியது, பிள்ளைகளைக் கூட்டாகப் பயிற்றுவித்து அமெரிக்கப் பள்ளி, கல்லூரிகளுக்கு அனுப்பும் வழி உருவானது. அங்கே பயின்ற பிரின்ஸ்பால் சிங், 2021-இல் என்.பி.ஏ. கோடை லீக்கில் பட்டம் வென்ற சாக்ரமெண்டோ கிங்ஸ் அணியில் இருந்தார்.

இதற்கிடையே ஓட்டம் எதிர்த்திசையிலும் தொடங்கியது. 2022 அக்டோபரில் தொடங்கிய இந்திய தேசியக் கூடைப்பந்து லீக்கின் (ஐ.என்.பி.எல்.) ஐவர் ஆட்டத் தொடரில் சென்னை ஹீட், பெங்களூரு கிங்ஸ், கொச்சி டைகர்ஸ் உள்ளிட்ட ஆறு அணிகள் வெளிநாட்டு வீரர்களைக் கூலிக்கு அமர்த்தின. ரயில்வே, வங்கி, ராணுவ அணிகளில் ஆடிவந்தவர்கள் அவர்களோடு ஒரே பனியனில் இறங்கினார்கள். அந்தத் தொடர் 2023 ஜனவரியில் முடிந்தது. ஆண்டின் மீதி மாதங்களுக்கு ஆட்டக்காரர்களின் சம்பளப் பட்டியல் பழையபடி அவரவர் அலுவலகங்களிலேயே இருந்தது.