மோர்பாத்

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தின் வட எல்லையை ஒட்டி, எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் விளிம்பில் அமைந்த சிற்றூரும் பங்கும். ஆடு வளர்ப்பே நெடுங்காலமாக இவ்வூரின் பிழைப்பு. 1086-இல் முதலாம் வில்லியம் எடுப்பித்த டூம்ஸ்டே நிலக்கணக்கில் இதன் பெயர் உண்டு. பின்னர் ஊரின் நிலவுரிமை, அருகிலிருந்த பார்லிஞ்ச் அகுஸ்தீனார் மடத்திடம் இருந்தது. பங்குக் கோயில் புனித ஜார்ஜுக்கு உரியது. மன்னர்களோ போர்த்தளபதிகளோ இங்கே பிறக்கவில்லை. ஆனாலும் 16-ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தத்தை ஓர் எளிய ஊர் எப்படித் தாங்கியது என்பதை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் இடங்கள் மிகச் சிலவே.

அதற்குக் காரணம் ஒரு கணக்குப் புத்தகம். 1520-இல் பங்குக் குருவாக வந்த கிறிஸ்டோபர் டிரிக்கி, 1574-இல் இறக்கும்வரை 54 ஆண்டுகள் இங்கேயே இருந்தார். கோயில் வரவு செலவைத் தம் கையாலேயே எழுதினார்; அது ஊரார் முன் வாசிக்கவே எழுதப்பட்டது. எனவே அதில் தொகைகளோடு சண்டை, சமாதானம், நன்றி, மனத்தாங்கல் யாவும் பதிவாகியுள்ளன.

அப்போது ஊரில் சுமார் 33 குடும்பங்கள். ஒவ்வொரு புனிதரின் சுரூபத்துக்கு முன்னும் மெழுகுதிரி எரிய ஒரு நிதி இருந்தது. மரியன்னைக்கு ஒன்று, புனித ஜார்ஜுக்கு ஒன்று, இளைஞருக்கு ஒன்று, கன்னிப்பெண்களுக்கு ஒன்று. கோயிலுக்குச் சொந்தமான ஆடுகளை வீட்டுக்கு வீடு பிரித்து மேய்த்தார்கள். கம்பளி விற்ற காசு நிதிக்குப் போயிற்று. பொறுப்பாளர் பதவி முறைவைத்துக் குடும்பங்களுக்குச் சென்றதால் பெண்களும் அதை வகித்தனர். 1534-இல் திருடன் பூசைக் கிண்ணத்தைக் கொண்டுபோனபோது, இளைஞரும் கன்னியரும் தாங்களே பணம் திரட்டிப் புதியது வாங்கிக் கொடுத்தனர். கோயில் அவர்களுக்கு எவ்வளவு சொந்தமாக இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

எட்டாம் ஹென்றியின் ஆணைகள் இந்த ஏற்பாட்டைச் சிறிது சிறிதாகக் குலைத்தன. 1530-களில் பார்லிஞ்ச் மடம் கலைக்கப்பட்டது. அதன் கண்ணாடிச் சாளரம் ஒன்று மோர்பாத் கோயிலுக்கு வந்து சேர்ந்தது. 1538-இல் சுரூபங்களின் முன் விளக்கேற்றத் தடை வந்தது. ஆறாம் எட்வர்டின் காலத்தில் ஆடுகளும் திருப்பொருள்கள் பலவும் விலைபோயின. கோயிலுக்கு நிதி திரட்டிய ஊர் விருந்தும் நின்றது. இறந்தோர் பூசைக்கான கறுப்பு உடுப்புக்காக டிரிக்கி தமக்குரிய சிறு வரும்படியை விட்டுக்கொடுத்துப் பல ஆண்டுகள் சேமித்திருந்தார். உடுப்பு வந்து சேர்ந்த சிறிது காலத்திலேயே அந்தப் பூசையே ஒழிக்கப்பட்டது. அவர் வாழ்வின் மிகக் கொடிய இழப்பு இதுவாகவே இருக்க வேண்டும்.

1549-இல் ஆங்கிலப் பொது ஜெபப் புத்தகம் கட்டாயமானது. அதை எதிர்த்து, சாம்ப்ஃபோர்ட் கோர்ட்னி என்ற டெவன் ஊரில் கிளர்ச்சி வெடித்தது. கார்ன்வால் மக்களும் சேர்ந்துகொள்ள, கிளர்ச்சியாளர் எக்ஸிட்டர் நகரை முற்றுகையிட்டனர். மோர்பாத் தன் இளைஞர் ஐவரை ஆயுதமும் வழிச்செலவும் கொடுத்து எக்ஸிட்டருக்கு வெளியே இருந்த பாசறைக்கு அனுப்பியது. ஆகஸ்டில் அரசுப் படை கிளர்ச்சியை நசுக்கியது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

1553-இல் கத்தோலிக்கரான மேரி அரசியானதும், ஊரார் வீடுகளில் ஒளித்துக் காத்த பொருள்கள் கோயிலுக்குத் திரும்பின. 1559-இல் எலிசபெத் மீண்டும் சீர்திருத்த வழிபாட்டைக் கொண்டுவந்தார். டிரிக்கி அதற்கும் இணங்கினார். அதைக் கோழைத்தனம் என்பது நியாயமன்று. அவரைக் கட்டிப்போட்டது மக்களோடு இருந்த பிணைப்பு என்றே கணக்கு முழுவதும் சொல்கிறது.

பிற்கால வரலாறு அமைதியானது. 19-ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் வில்லியம் பட்டர்ஃபீல்ட் கோயிலைப் புதுப்பித்தார். 1873-இல் வந்த ரயில் 1966-இல் நின்றுபோனது. கணக்குகளை 1904-இல் அச்சிட்டவர் இதே ஊரின் குருவான எர்ஸ்கின் பின்னி. அப்பதிப்பில் பாசறை இருந்த இடத்தின் பெயர் பிழையாக வாசிக்கப்பட்டிருந்தது. வரலாற்றாசிரியர் ஈமன் டஃபி அதைத் திருத்தி, ஐவரும் சென்றது கிளர்ச்சிப் பாசறைக்கே என்று 2001-இல் வெளிவந்த தம் நூலில் காட்டினார். அந்தச் செலவை டிரிக்கி மறைக்கவில்லை. மற்றச் செலவுகளோடு சேர்த்தே எழுதியிருந்தார்.