கன்னக்கோலும் காரைக்கால் எல்லையும்

காரைக்கால் பரப்பிலே சிறியது. ஆயினும் சட்டத்தின் வரலாற்றைப் பயில விரும்புவோர்க்கு அது பெரியதொரு பள்ளிக்கூடம். தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து 1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் அதனைப் பெற்றனர். இடையிடையே போர்களிலே இழந்து, 1817இல் நிலையாகத் திரும்பப் பெற்றனர். அதற்குள் தஞ்சைச் சீமை ஆங்கிலேயர் கைக்குச் சென்றுவிட்டது; 1845இல் டேனியரும் தரங்கம்பாடியை அவர்களுக்கு விற்றுவிட்டுக் கப்பல் ஏறினர். காரைக்கால் மட்டும் ஒரு புறம் கடலும் ஏனைய புறங்களில் ஆங்கில ஆட்சியுமாகத் தனித்து நின்றது. வரப்புக்கு இப்பால் ஒரு கொடி, அப்பால் வேறொரு கொடி. நெல் ஒன்றே, மொழி ஒன்றே, உறவும் ஒன்றே. தண்டனைச் சட்டம் மட்டும் இரண்டு.

அவ்விரண்டு சட்டங்களிடமும் இன்று ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். நள்ளிரவில் ஒருவன் கன்னக்கோல் கொண்டு வீட்டுச் சுவரைத் துளைக்கிறான். வீட்டுக்காரர் விழித்துக்கொள்கிறார், கையில் அகப்பட்ட உலக்கையால் அடிக்கிறார், வந்தவன் இறந்துபோகிறான். இது கொலைக் குற்றமா?

காரைக்காலில் இதற்கு விடை கூறியது 1810ஆம் ஆண்டின் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம். பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் 1819இல் இந்தியாவிலிருந்த பிரெஞ்சு நிலங்களுக்கு வந்து சேர்ந்தன. அச்சட்டத்தின் 328ஆம் பிரிவு, தன்னையோ பிறரையோ காக்க அந்த நேரத்தில் இன்றியமையாததாக இருந்த செயல் குற்றமன்று என்றது. 329ஆம் பிரிவு அதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சேர்த்தது. குடியிருக்கும் வீட்டின் மதிலை இரவிலே ஏறிக் குதிப்பவனை அல்லது உடைத்து நுழைபவனைத் தடுப்பது ஒன்று. வன்முறையோடு கூடிய திருட்டையும் கொள்ளையையும் தடுப்பது மற்றொன்று. ஆகவே நம் வீட்டுக்காரர் குற்றவாளி அல்லர்.

அதே செயல் பகலில் நடந்திருந்தால்? அப்போது 322ஆம் பிரிவு குறுக்கிடும். பகலில் சுவரேறி வந்தவனைக் கொன்றால் அது குற்றமே. ஆனால் மன்னிக்கத்தக்க குற்றம். மரண தண்டனைக்குரியது, ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரையிலான சிறைவாசமாகக் குறையும். சூரியன் இருக்கிறானா இல்லையா என்பதை வைத்தே ஒரு மனிதனின் விடுதலையும் சிறையும் தீர்ந்தன. இத்தனை பெரிய பொறுப்பை இரவின் தலையில் சுமத்திய அச்சட்டம், 329ஆம் பிரிவிலே இரவு என்பது எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று சொல்லவில்லை!

எல்லைக்கு அப்பால் 1862 சனவரி முதல் நாளிலிருந்து இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மெக்காலே முதன்மையாக இருந்து 1837இல் எழுதி முடித்த வரைவிலிருந்து பிறந்தது அது. இந்நாட்டு மக்கள் கொடுமைக்கு அளவுக்கு மீறிப் பணிந்து போகிறார்கள் என்பது வரைந்தவர்களின் கருத்து. ஆதலால் எதிர்த்து நிற்கும் துணிவை ஊட்டும் பொருட்டே தற்காப்புரிமையைத் தாராளமாக வகுத்தார்களாம். ஆளவந்தவர்கள் ஆளப்படுவோரின் துணிவைப் பற்றிக் கவலைப்பட்டது வேடிக்கைதான். அதன் 103ஆம் பிரிவு, பொருளைக் காக்க உயிரைப் போக்கலாம் என்பதற்கு நான்கு இடங்களைக் குறித்தது: கொள்ளை, இரவில் வீட்டை உடைத்து நுழைதல், குடியிருக்கும் இடத்துக்கோ பொருள் வைத்திருக்கும் இடத்துக்கோ தீ வைத்தல், உயிருக்கு அல்லது கொடுங்காயத்துக்கு அஞ்சும்படியான சூழ்நிலையில் நிகழும் திருட்டு, சேதம் விளைத்தல், வீட்டில் அத்துமீறல். இரவு என்பது சூரியன் மறைவதிலிருந்து உதிப்பது வரை என்றும் இச்சட்டம் தெளிவாகச் சொன்னது.

வேறு வேறு நாட்டார் எழுதியவை. ஆயினும் இரண்டும் இரவிலே சந்திக்கின்றன. இதுவும் புதியதன்று. கிறித்துவுக்கு 450 ஆண்டுகளுக்கு முன் உரோமர் வகுத்த பன்னிரு பலகைச் சட்டமும் இரவில் வந்த கள்வனை வேறாகவும் பகலில் வந்தவனை வேறாகவும் நடத்தியது. யூதர்களின் பழைய மறைநூலிலும் இவ்வேறுபாடு உண்டு. நம் நாட்டுத் தர்ம நூல்கள் வேறு வழி சென்றன. தீ வைப்பவன், நஞ்சிடுபவன், ஆயுதம் ஏந்தி வருபவன், பொருள் பறிப்பவன், நிலம் பறிப்பவன், மனைவியைக் கவர்பவன் ஆகிய அறுவரையும் ஆததாயி என்று வசிட்டர் பெயரால் வழங்கும் நூல் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. இரவு பகல் என்னும் பிரிவு அங்கே இல்லை.

இரவுக்கு ஏன் இந்தச் சிறப்பு? களவு போகும் பொருளின் விலை பகலிலும் இரவிலும் ஒன்றுதான். பகலில் வந்தவனின் முகம் தெரியும், கை தெரியும்; கூப்பிட்டால் தெருவார் ஓடி வருவர். இருளிலே அவன் கையிலிருப்பது கன்னக்கோலா கத்தியா என்று அறிய வழியில்லை. சட்டம் மன்னித்தது அந்த அறியாமையையும் அச்சத்தையுமே. பொருளின் பெயரால் பேசினாலும் அது எண்ணியது உயிரைத்தான் என்பது என் துணிபு.

நான் குடிமையியல் கற்பித்த நாட்களில் மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, எங்கள் தோப்பில் இளநீர் திருட வருகிறவனை அடித்துக் கொன்றால் தவறா? தோப்பு எங்களுடையதுதானே?” என்று கேட்டான். வகுப்பு முழுவதும் அவன் பக்கம். தோப்பு வீடன்று, இளநீர்த் திருட்டு கொள்ளையும் அன்று, மரத்தின் மேலிருப்பவனால் உன் உயிருக்கு ஆபத்து இல்லையாயின், அவனைத் தடுக்கலாம், பிடிக்கலாம், கொல்லலாகாது என்றேன். “அப்படியானால் சட்டம் திருடன் பக்கமா, ஐயா?” என்றான். அந்த வினாவை அவனுடைய தந்தையாரிடமிருந்து கற்றிருப்பான் என்று தோன்றியது. பிடிபட்ட திருடனை மரத்தில் கட்டி வைத்து ஊரே கூடி அடிக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அவ்வாறு அடிபட்டு மாண்டவர்களும் உண்டு. கட்டுண்டவனால் யாருக்கு ஆபத்து? காவலரை அழைக்க நேரம் இருந்தால் இவ்வுரிமையே எழாது என்றும், தேவைக்கு மேல் தீங்கு செய்யலாகாது என்றும் 99ஆம் பிரிவு கட்டளையிட்டது. அச்சம் நீங்கிய கணத்தில் உரிமையும் நீங்கும் என்பதை 1962இல் பஞ்சாப் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

வேலியில் மின்கம்பி இழுத்துவிடுவோருக்கு மற்றொரு தீர்ப்பு உண்டு. பீகாரில் ஒருவர், அயலார் தம் கழிப்பறையைப் பயன்படுத்தாதிருக்கும் பொருட்டு வழியிலே மின்சாரம் பாய்ந்த வெறுங்கம்பியைக் கட்டினார். 1959இல் அண்டை வீட்டுப் பெண்மணி ஒருவர் அதைத் தொட்டு இறந்தார். அவர் அத்துமீறி நுழைந்தவர்தாமே என்பது வாதம். நுழைந்தவர் என்பதனாலேயே ஒருவர் சட்டத்தின் காப்புக்குப் புறம்பாகிவிடார் என்று 1963இல் உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளியது. கம்பிக்கு இரவும் தெரியாது, பகலும் தெரியாது. வருபவன் கள்வனா குழந்தையா என்றும் தெரியாது.

1954 நவம்பர் முதல் நாளில் காரைக்காலின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்டு 16இல் நிறைவேறியது. தண்டனைச் சட்டமோ கொடியோடு மாறிவிடவில்லை. 1963ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை இந்தியத் தண்டனைச் சட்டத்தைக் கொண்டுவரும் வரை பழைய பிரெஞ்சுச் சட்டமே அங்கு நிலவியது. இவ்விடைக்காலத்திலே, 1959 பிப்ரவரியில், பாரிசு நகரத்து உயர்ந்த நீதிமன்றம் 329ஆம் பிரிவுக்கு ஒரு கடிவாளம் இட்டது. இரவில் நுழைந்தவனைத் தாக்கியவர் தற்காப்புக்காகவே செய்தார் என்பது ஓர் ஊகம்தான். ஆபத்து இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார் என்று மெய்ப்பித்தால் அவ்வூகம் உடைந்துவிடும் என்பது அத்தீர்ப்பு.

அதற்குப் பின் இரு நாடுகளும் பிரிந்து நடந்தன. 1994இல் நடைமுறைக்கு வந்த பிரான்சின் புதிய தண்டனைச் சட்டம், பொருளை மட்டும் காப்பதற்காக வேண்டுமென்றே உயிரைப் போக்குவதை ஒப்பவில்லை. ஆயினும் இரவில் உடைத்து நுழைபவனைப் பற்றிய பழைய ஊகத்தை வைத்துக்கொண்டது. இந்தியாவில் 2024 சூலை முதல் நாளில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது, பழைய 103ஆம் பிரிவு 41ஆம் பிரிவாகத் தொடர்ந்தது. தீயோடு வெடிபொருளும் சேர்ந்தது. சூரிய மறைவும் உதயமும் அப்படியே நின்றன.

காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் இன்றும் உண்டு. அண்ணன் பாரிசிலும் தம்பி திருநள்ளாற்றிலும் குடியிருப்பது அங்கே புதுமையன்று. வரப்பளவாக இருந்த எல்லை கடலளவாயிற்று. நள்ளிரவில் கதவு உடையும் ஓசை கேட்டால், அவ்விருவரும் இன்றும் இரண்டு சட்டங்களுக்குள்ளேதான் விழித்தெழுகின்றனர்.