உலையும் சார்ஜரும்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி, செங்கம் சாலையிலிருந்து பிரியும் தெருக்களில் காலை பத்து மணிக்கு நடந்தால் பெரும்பாலும் ஏதாவது ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கும். அப்படி ஒரு வீட்டு வாசலில் இரண்டு சத்தங்கள் என்னை நிறுத்தின. மாடியில் ஒருவர் கைப்பிடிக் கம்பிக்காகப் பேட்டரி ஹேமர் டிரில்லால் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார். கீழே வேப்ப மர நிழலில் இன்னொருவர் வாசற்படிக்கான கருங்கல்லை உளியால் கொத்திக்கொண்டிருந்தார். மேலே இருந்தது இடைவெளியில்லாத அதிர்வு. கீழே இருந்தது எண்ணத்தக்க தாளம். ஒன்று புதியது, மற்றது பழையது என்று பிரித்துவிட்டால் ஒப்பீடு அங்கேயே முடிந்துபோகும். அப்படிப் பிரிக்க முடியாத அளவுக்கு இவை நெருங்கிய உறவு என்பதே என் கட்சி.

முதல் உறவு கை அசைவில் இருக்கிறது. கல்லில் குழி எடுக்கும்போது கல்தச்சர் உளியை ஒரே நிலையில் பிடித்து அடிப்பதில்லை. ஓர் அடி, உளிக்குச் சிறு திருப்பல், மறுபடி ஓர் அடி. திருப்பாமல் அடித்தால் உளி தான் வெட்டிய பள்ளத்திலேயே சிக்கிக்கொள்ளும். குழியும் வட்டமாக இறங்காது. டிரில்லும் இதே பாடத்தைத்தான் ஒப்பிக்கிறது. 18 வோல்ட் பேட்டரியில் ஓடும் மக்கீட்டா ரோட்டரி ஹேமர் ஒன்றின் கணக்கு நிமிடத்துக்கு 950 சுற்று, 4,700 அடி. வகுத்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஐந்து அடி. அதாவது ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே பிட் சுமார் 72 பாகை திரும்புகிறது. கை அதைவிடக் குறைவாகத் திருப்பக்கூடும், மெதுவாகவும் திருப்பும். ஆனால் அடித்த இடத்தை விட்டுப் பக்கத்து இடத்தை அடிப்பது என்ற விதி இரண்டுக்கும் பொது.

ஹேமர் டிரில் என்று ஒரே பெயரில் கடையில் விற்கப்படுபவை உண்மையில் இரண்டு குடும்பம். உளி இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் சொந்தம். முதல் வகையில் பிட்டைக் கவ்வும் சக்கின் பின்னால் இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கி நடுக்கத்தை உண்டாக்குகின்றன. போஷ் நிறுவனத்தின் 18 வோல்ட் மாதிரி ஒன்றில் இது நிமிடத்துக்கு 27,000 தட்டு, சுற்றுக்குப் பதினைந்து. ரோட்டரி ஹேமர் எனப்படும் இரண்டாவது வகையில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்த, அந்தக் காற்று ஒரு சுத்தியல் கட்டையை முன்னால் தள்ளுகிறது. தட்டுகளின் எண்ணிக்கை ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு ஜூல் அளவுக்கு நிஜமான அடி. இரண்டு ஜூல் என்பது ஒரு கிலோ எடைக்கல் இருபது சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும்போது தரும் ஆற்றல்.

எனக்கு இந்த வித்தியாசம் பட்டுத்தான் தெரிந்தது. சில வருடம் முன்பு ஒரு கடையில் 27,000 என்ற எண்ணைக் காட்டி, இதுதான் கருங்கல்லுக்கு என்றார்கள். 4,700-ஐ விட 27,000 பெரியது என்ற பள்ளிக்கூடக் கணக்கை நம்பி நானும் வாங்கி வந்தேன். செங்கல் சுவரில் வெண்ணெய்போல் இறங்கியது. அடித்தளத்துக் கருங்கல்லில் வைத்தபோது பிட்டின் நுனி சிவக்கும் அளவுக்குச் சூடேறியதே தவிர, கல்லில் ஒரு வெள்ளை வட்டம் மட்டும் விழுந்தது. தோளைக் கொடுத்து அழுத்தினேன்; வட்டம் இன்னும் பளபளப்பானது.

காரணம் கல்லிடம் இருக்கிறது. கருங்கல்லைச் சில்லாக உடைக்க ஒவ்வோர் அடிக்கும் ஒரு குறைந்தபட்ச பலம் தேவை. அந்த வரம்புக்குக் கீழே ஆயிரம் முறை தட்டினாலும் அது மெருகேற்றுவதில்தான் முடியும். வரம்பைத் தாண்டிய ஒரே அடி ஒரு சில்லைப் பெயர்க்கும். நிதானமாக அடிக்கும் கல்தச்சர் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட உண்மை இது. வேகமான முதல் வகை டிரில்லுக்கு அவர் அந்நியர். மெதுவான இரண்டாவது வகைக்குத்தான் அவர் தகப்பன். செங்கல், ஹாலோ பிளாக், பூச்சு என்று வேலை செய்கிறவருக்கு முதல் வகை நல்ல துணை, எடையும் குறைவு. கருங்கல்லும் கான்கிரீட்டும் தினசரித் தொழில் என்றால் கேட்க வேண்டிய கேள்வி அடி எத்தனை என்பதல்ல, அடி எவ்வளவு என்பது.

இன்னொரு ஒற்றுமையை நான் எதிர்பார்க்கவே இல்லை. ரோட்டரி ஹேமரில் பிஸ்டனும் சுத்தியல் கட்டையும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் அடைபட்ட காற்று மெத்தையாக இருக்கிறது. அடியின் எதிர்விசையில் பெரும்பகுதியை அந்தக் காற்று வாங்கிக்கொள்வதால் பல்சக்கரமும் மோட்டாரும், பிடித்திருக்கும் மணிக்கட்டும் பிழைக்கின்றன. உளிக்காரரின் வலது கையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சுத்தியலை ஓங்கும்போது விரல்கள் இறுகும். உளித்தலையில் படும் கணத்தில் பிடி தளர்ந்து, சுத்தியல் தன் எடையில் தானே விழும். பிறகு துள்ளி எழும்போது விரல்கள் அதை மறுபடி ஏந்திக்கொள்ளும். புதிதாகக் கற்கிறவர் அடிபடும் நேரத்தில் இறுக்கிப் பிடித்து, மாலைக்குள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருப்பார். பொறியாளர் காற்றை வைத்த இடத்தில் கல்தச்சர் தளர்ச்சியை வைத்திருக்கிறார்.

இனி நான் மிகவும் ரசிக்கும் உறவுக்கு வருகிறேன். ஆசிரமத்தில் மாத்ருபூதேஸ்வரர் ஆலயப் பணி வைத்தியநாத ஸ்தபதியின் பொறுப்பில் 1939 செப்டம்பரில் தொடங்கி, 1949 மார்ச் 17 அன்று கும்பாபிஷேகத்தில் நிறைவேறியது. பகவான் ரமணர் பழைய ஹாலில் அமர்ந்திருந்த அந்தப் பத்தாண்டின் பெரும்பகுதியும் பக்கத்தில் உளிச் சத்தம் கேட்டிருக்கும். அந்தச் சத்தத்தை ஓயாமல் நடத்த உளி மட்டும் போதாது, உலை வேண்டும். கருங்கல்லில் எஃகு உளியின் முனை சீக்கிரம் மழுங்கிவிடும். அதனால் கல் பட்டறை எதுவானாலும் அங்கே ஒரு துருத்தியும் ஒரு கொல்லரும் உண்டு. மழுங்கியதைக் காய்ச்சி, அடித்து, கூராக்கி, தண்ணீரில் தோய்த்துப் பதம் ஏற்றித் தருவார். ஆகவே கல்தச்சரிடம் ஓர் உளி இருப்பதில்லை, ஒரு கட்டு உளி இருக்கும். பாதி கையில், பாதி உலையடியில்.

மாடியில் டிரில் பிடித்திருந்தவரிடம் இருந்ததும் ஒரு பேட்டரி அல்ல, இரண்டு. ஒன்று மிஷினில், மற்றது கீழே, சிமெண்ட் மூட்டையின்மேல் வைத்த சார்ஜரில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு. கையில் இருப்பது சோர்ந்ததும் பையன் ஓடிவந்து மாற்றித் தருகிறான். அந்தக் காலத்துப் பட்டறையில் மழுங்கிய உளியை எடுத்துக்கொண்டு உலைக்கு ஓடிய பையனும் இவன் வயதுதான் இருந்திருப்பான். மிஷின் வாங்கும்போது ஒரே பேட்டரியோடு வாங்குகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். ஒற்றை உளியோடு வேலைக்கு வந்த கல்தச்சரை எந்த மேஸ்திரி சேர்த்துக்கொள்வார்?

பதம் என்ற சொல்லும் இரண்டுக்கும் பொருந்துகிறது. தோய்த்த உளியை மறுபடி இளஞ்சூட்டில் காட்டும்போது அதன் முகத்தில் நிறம் ஓடும். சுமார் 230 பாகை செல்சியஸில் வைக்கோல் நிறம், பிறகு ஊதா, 300-ஐ நெருங்கும்போது நீலம். எந்த நிறத்தில் நிறுத்துவது என்பது கொல்லரின் கண். முன்னாலேயே நிறுத்தினால் முனை நொறுங்கும், கடந்துவிட்டால் மடங்கும். லித்தியம் அயான் பேட்டரிக்கும் இப்படி ஒரு குறுகிய பாதை உண்டு. ஐந்து செல்கள் வரிசையாக, செல்லுக்கு 3.6 வோல்ட் என்று சேர்ந்துதான் 18 வோல்ட் வருகிறது. செல் 4.2 வோல்ட்டைத் தாண்டி ஏறக் கூடாது, அடிமட்டம் வரை வற்றவும் கூடாது. சூடாக இருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது. கொல்லரின் கண் செய்ததை இங்கே உள்ளே இருக்கும் ஒரு சிறு மின்சுற்று செய்கிறது. ஆனால் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியிலோ பூட்டிய காருக்குள்ளோ பேட்டரியை விட்டுப் போனால் அதன் ஆயுள் தேய்வதை அந்தச் சுற்றால் தடுக்க முடியாது. திருவண்ணாமலைக் கோடையில் ஒரு நிழலாவது அதற்குக் கொடுக்க வேண்டும்.

வரலாற்றை வேகமாகக் கடந்துவிடலாம். 1895-இல் ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் கையில் பிடிக்கும் மின்சார டிரில்லைச் செய்தது. 1961-இல் பிளாக் அண்ட் டெக்கர் அதன் ஒயரை அறுத்தது. 1991-இல் சோனி லித்தியம் அயானைச் சந்தைக்குக் கொண்டுவர, 2005-ஐ ஒட்டி மில்வாக்கி, மக்கீட்டா போன்ற நிறுவனங்கள் அதைத் தொழிலாளியின் கனமான மிஷின்களில் பொருத்தின. இந்த வரிசையில் அந்நியமாக நிற்பது ஒயர் டிரில்தான். உளி எங்கும் போகும். மலைச்சரிவிலும் குளக்கரையிலும் கோபுரச் சாரத்திலும் வேலை செய்யும். ஒயர் டிரில் அந்த உரிமையைப் பறித்து, பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் தொழிலாளியைக் கட்டிப்போட்டது. பேட்டரி அதைத் திருப்பிக் கொடுத்தது. 1971-இல் அப்போலோ 15 வீரர்கள் நிலவில் மண் மாதிரி எடுக்கக் கொண்டுபோனதும் அடித்துச் சுழலும் ஒரு பேட்டரி டிரில்தான். பிளக் பாயிண்ட் இல்லாத ஊர் அது.

அந்தச் சின்னப் பெட்டிக்குள் எவ்வளவு உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதை இந்த ஊரின் அளவுகோலிலேயே பார்ப்போம். 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் என்றால் 90 வாட்-அவர். இழப்பு எதுவும் இல்லாமல் செலவானால் ஒரு டன் கல்லை 33 மீட்டர் உயரத்துக்குத் தூக்க அது போதும். அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரம் 217 அடி, ஏறத்தாழ 66 மீட்டர். சரிபாதி! கிருஷ்ணதேவராயர் தொடங்கி சேவப்ப நாயக்கர் முடித்த கோபுரத்தின் பாதி உயரத்துக்கு ஒரு டன்னை ஏற்றும் சக்தியை, கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒருவர் ஏணி ஏறுகிறார். உளியின் கணக்கில் இந்தச் சக்தி எல்லாம் சோற்றிலிருந்தும் கூழிலிருந்தும் வந்தது.

இனி வேற்றுமை. உளியால் எடுத்த வேலை வெளியே தெரிவதற்காக இருக்கிறது. கொத்திய தடம் படியிலும் தூணிலும் நூற்றாண்டுகளுக்கு நிற்கும். டிரில்லின் வேலை மறைவதற்காக இருக்கிறது. துளைக்குள் பிளக், பிளக்குக்குள் ஸ்க்ரூ, அதன்மேல் ஒரு மூடி. உளிக்காரர் கல்லைத் தட்டி நாதம் பார்த்த பிறகே வேலை தொடங்குவார். மணிபோல் ஒலித்தால் மனம் நிறையும், ஓசை செத்திருந்தால் உள்ளே விரிசல் என்று ஒதுக்குவார். டிரில்காரருக்கு அந்த முன்னோட்டம் இல்லை. ஆனால் துளை இறங்கும்போதே அவர் காது வேலை செய்கிறது. பூச்சிலிருந்து செங்கல்லுக்குப் போனதும் கம்மும். கம்பியில் பட்டால் கிறீச்சிடும், உடனே கை நின்றுவிடும்.

தூசியில் இரண்டும் ஒன்றல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். உளி எறியும் சில்லு கண்ணைத் தாக்கும். டிரில் அரைக்கும் மாவு நுரையீரலுக்குப் போகும். கருங்கல்லிலும் கான்கிரீட்டிலும் உள்ள குவார்ட்ஸ் நுண்தூளாகி மூச்சில் ஏறினால் சிலிக்கோசிஸ். அது திரும்பாத நோய். கல்தச்சர்களும் அதற்குத் தப்பியதில்லை. மிஷின் அந்தத் தூளை இன்னும் நுண்மையாக, இன்னும் வேகமாக, மூடிய அறைக்குள் உற்பத்தி செய்கிறது. அன்று மாடியில் இருந்தவர் ஒரு பழைய ரப்பர் பந்தைப் பாதியாக வெட்டி, நடுவில் ஓட்டையிட்டு, பிட்டில் கிண்ணம்போல் கோத்திருந்தார். விட்டத்தில் துளைக்கும்போது மாவு முழுவதும் அதற்குள் விழுந்தது. முகத்தில் துண்டு மட்டும்தான் கட்டியிருந்தார். பல லட்சம் செலவழித்துக் கட்டுகிற வீட்டுக்காரர், அவருக்கு நல்ல மாஸ்க் ஒன்று வாங்கித் தந்திருக்கலாம்.

பிற்பகலில் அந்த வாசலில் இரண்டும் ஒரே கல்லில் சந்தித்தன. வாசற்படிக் கல் நீளம் அதிகம், பிளக்க வேண்டும். கல்தச்சர் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தம்பி, அந்த மிஷினை ஒரு பத்து நிமிஷம் இறக்குப்பா."

"வர்றேண்ணே. புது பேட்டரி போட்டுக்கிட்டு வர்றேன்."

கரிக்கோட்டின்மேல் ஒரு சாண் இடைவெளியில் ஐந்து துளை. உளியால் என்றால் அரை நாள் ஆகியிருக்கும். பத்து நிமிடத்தில் முடிந்தது. துளைகளை ஊதிச் சுத்தம் செய்து, தகடுகளுக்கு நடுவே இரும்பு ஆப்புகளை இறக்கினார் பெரியவர். பிறகு சுத்தியல். முதல் ஆப்புக்கு ஓர் அடி, இரண்டாவதற்கு ஓர் அடி என்று வரிசையாகப் போய்த் திரும்பி வந்தார். ஒவ்வொரு சுற்றிலும் ஓசை ஏறிக்கொண்டே போனது. நான்காவது சுற்றில் மூன்றாம் ஆப்பின் ஓசை சட்டென்று இறங்கியது. அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். மிஷின்காரரும் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, குனிந்து கல்லின் பக்கம் காதைக் கொண்டுபோனார். மணல் நெறிபடுவது போன்ற ஒரு மெல்லிய சத்தம் கல்லுக்குள் ஓடியது. கரிக்கோடு நெடுக ஒரு மயிரிழை திறந்தது.