சென்னையில் தொடங்கிய மருந்து வழக்கு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து எழுதும் நான், இலங்கை இறக்குமதி செய்யும் மருந்துகளில் கணிசமான பங்கு இந்தியாவிலிருந்து வருவதால் இவ்வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன்.

1960இல் நோவெல், ஹங்கர்போர்ட் ஆகிய இருவர், ஒருவகை இரத்தப் புற்றுநோயாளரின் கலங்களில் வழமைக்கு மாறான சிறிய நிறமூர்த்தம் ஒன்றைக் கண்டனர். 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொண்டதன் விளைவே அது என்று 1973இல் ஜனெட் ரௌலி காட்டினார். அந்த இணைப்பில் பிறக்கும் புரதம், பெருகும்படி கலத்துக்கு ஓயாது சமிக்ஞை அனுப்புகிறது. அதனை அடக்கும் இமாட்டினிப் என்னும் மருந்து 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோயாளர் பலர் அதனை ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். ஆகவே விலையே உயிரைத் தீர்மானித்தது.

அம்மருந்தின் பளிங்கு வடிவம் ஒன்றுக்கு நோவார்ட்டிஸ் கோரிய காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. அறியப்பட்ட மருந்தின் புதிய வடிவம் கூடுதல் பயன் தரவேண்டும் என்னும் சட்டப்பிரிவுக்கு எதிரான மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. அவ்வழக்கில் பேசப்பட்ட மாதச் செலவு, நோவார்ட்டிஸ் மருந்துக்கு ஏறத்தாழ 1,20,000 இந்திய ரூபா. இந்திய நிறுவனங்களின் மருந்துக்கு 8,000 முதல் 10,000 வரை.

ஆய்வுகூடம் கண்ட மருந்து ஏழையின் கைக்கு எட்டுமா என்பதை, இறுதியில், நீதிமன்றமே தீர்த்தது.