கல் போன இடத்தில் நீர்: சிக்கராயபுரம் குட்டைகளும் நம் ஏரியும்



யூபிலி என்றதும் கொடியேற்றமும் தேர்பவனியும் சமபந்தி விருந்தும் நம் மனக்கண் முன் வந்து நிற்கின்றன. அவை வேண்டியவையே. ஆனால் லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பார்ப்போருக்கு யூபிலி வேறு விதமாகத் தென்படும். ஐம்பதாம் ஆண்டில் நிலத்திற்கு ஓய்வு. கடனுக்காகத் தன்னையே விற்றுக்கொண்டவனுக்கு விடுதலை. நிலத்தின் களைப்பையும் உழைப்பாளியின் கட்டையும் அந்தப் பழைய சட்டம் ஒரே மூச்சில் பேசுகிறது. விழா மலருக்கு ஊர் வரலாறு எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது நமக்கு இந்த அதிகாரமே நினைவுக்கு வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆகவே ஏரிக்குக் கிழக்கே, மாங்காட்டிற்கும் குன்றத்தூருக்கும் இடையே, சிக்கராயபுரத்தில் கிடக்கும் கல்குட்டைகளின் கதையை எழுதலானோம். சேக்கிழார் பிறந்த குன்றத்தூரை அறிந்தவர் பலர். அதன் பக்கத்திலேயே பூமி பிளந்து கிடப்பதை நின்று பார்த்தவர் சிலரே.

முதலில் அந்தக் கல்லைப் பற்றிச் சிறிது. பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம், சிக்கராயபுரம் ஆகிய இடங்களில் காணப்படும் கருநீலப் பாறை ஒரே இனத்தைச் சேர்ந்தது. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். இதற்கு அறிவியலில் சார்னோக்கைட் என்று பெயர். பெயர் வந்த விதம் வேடிக்கையானது. கல்கத்தா நகரை நிறுவியவர் எனச் சொல்லப்படும் ஜோப் சார்னாக் என்ற கும்பெனிக்காரரின் கல்லறையில் பதித்த கல், நம் சென்னைப் பக்கத்திலிருந்து சென்ற கல். 1893-ஆம் ஆண்டு தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அக்கல்லை ஆராய்ந்து, இறந்தவர் பெயரையே அதற்குச் சூட்டினார். கல் நம்முடையது, பெயர் வேறொருவருடையது! தோமையார் மலை என நாம் திருப்பயணம் போகும் குன்றும் இதே பாறைதான்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், இராபர்ட் புரூஸ் பூட் என்பார் பல்லாவரத்தில் சரளைக்கல் எடுக்கத் தோண்டிய ஒரு குழியில் கற்கால மனிதனின் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலம் உலகுக்குத் தெரிய வந்தது அப்படித்தான். நம் பகுதியில் மனிதன் கல்லைத் தொட்டது நேற்று இன்று அல்ல. ஆனால் அந்த ஆதி மனிதன் தனக்கு வேண்டிய ஒரு கல்லை எடுத்துக்கொண்டான்; மலையை விட்டு வைத்தான்.

மலை போகத் தொடங்கியது சென்னை வளர்ந்தபோது. வீடு, பாலம், சாலை, இரயில் பாதை எல்லாவற்றிற்கும் ஜல்லி வேண்டும். 1990-களின் பிற்பகுதியில் திருப்பெரும்புதூரில் கார்த் தொழிற்சாலை வந்தது, பின்னர் ஒரகடம்வரை தொழிற்பேட்டைகள் எழுந்தன, நெடுஞ்சாலை அகன்றது. அந்தத் தளங்களின் அடியிலும் சுவர்களின் உள்ளேயும் இருப்பது சுற்று வட்டாரத்து மலைகளும், பாலாற்று மணலும், ஏரிச் சவுடும் ஆகும். ஆற்று மணல் அருகியபோது பாறையை இடித்துப் பொடியாக்கி எம்-சாண்ட் செய்யத் தொடங்கினார்கள். ஆறு பிழைக்கட்டும் என்று சொல்லித்தான் அது வந்தது. ஆனால் ஆற்றின் சுமையை மலையின் தலையில் ஏற்றினோம் என்பதே நம் கருத்து. தேவையைக் குறைக்காமல் இடத்தை மட்டும் மாற்றுவது தீர்வாகாது.

குவாரி வேலை எப்படிப்பட்டது என்பதை இளைஞருக்குச் சொல்ல வேண்டும். பாறையில் துளை போட்டு, மருந்து கிட்டித்து, திரி பற்றவைத்து ஓட வேண்டும். வெடித்து விழுந்த பாறையை ஆண்கள் சம்மட்டியால் பிளக்க, பெண்களும் பிள்ளைகளும் வெயிலில் குந்தியிருந்து கைச்சுத்தியால் ஜல்லி உடைப்பார்கள். கிரஷர் இயந்திரங்கள் வந்த பிறகு உடைக்கும் வேலை குறைந்தது, தூசு பெருகிற்று. பரம்பரையாகக் கல்வேலை செய்துவந்த போயர் சமூகத்தாரும், நிலமற்ற பிறரும் குடும்பம் குடும்பமாகக் குவாரி ஓரத்திலேயே குடிசை போட்டு வாழ்ந்தனர். வரும்போதே கைநீட்டி வாங்கிய முன்பணம்தான் அவர்களது விலங்கு. வாரக்கூலியில் பிடித்தம் போகும், கடன் மட்டும் குறையாது. கணவன் இறந்தால் மனைவியின் மேலும், அவளுக்குப் பின் பிள்ளையின் மேலும் அது ஏறும். நம் பங்கின் முதியோர் சிலர் அந்தக் காலத்தைச் சொல்லும்போது கணக்குப் புத்தகத்தின் நிறத்தைக்கூட மறக்காமல் சொல்கிறார்கள்.

கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ஆம் ஆண்டு வந்தது. சட்டம் வந்ததும் விலங்கு அறுந்துவிடவில்லை. அரியானாவின் பரிதாபாத் கல்குவாரித் தொழிலாளர் நிலையைப் பற்றி எழுதப்பட்ட ஒரு கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, 1983 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி பகவதி எழுதிய அத்தீர்ப்பின் சாரம் இது: ஒருவன் கட்டாய வேலை செய்வதாகத் தெரிந்தால் அவன் முன்பணத்தால் கட்டுண்டவன் என்றே கொள்ள வேண்டும், அப்படி இல்லை என்று மெய்ப்பிப்பது முதலாளியின் பொறுப்பு. எழுத்தறியாத ஏழை ஆதாரம் தேடி அலைய வேண்டாம் என்றாயிற்று. தமிழ்நாட்டு நிலையை ஆராய அதே நீதிமன்றம் அமைத்த ஆணையம் 1995-இல் அறிக்கை தந்தபோது, நம் மாநிலத்தில் மட்டும் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் கொத்தடிமைகளாக உள்ளனர் என்று கூறிற்று. கல்குவாரி, செங்கல் சூளை, அரிசி ஆலை எனப் பலவும் அதில் அடக்கம்.

விடுவித்தால் போதுமா? 1978-இல் மறுவாழ்வுத் தொகை நான்காயிரம் ரூபாய். 2016-இல் அது ஒரு இலட்சம், இரண்டு இலட்சம், மூன்று இலட்சம் என உயர்ந்தது. ஆனால் அதன் பெரும்பகுதி, முதலாளி தண்டிக்கப்பட்ட பிறகே கைக்கு வரும். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே! குடியிருக்க மனை இல்லாமல், வேறு தொழில் தெரியாமல், விடுதலைச் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டே வேறொரு குவாரிக்கு முன்பணம் வாங்கிப் போன கதைகள் உண்டு.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் தமிழ்நாட்டிலேயே நடந்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கே சிறு குவாரிகளைக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். அறிவொளி இயக்கம் அதே காலத்தில் அம்மாவட்டத்தில் பெருகியது. கையெழுத்துப் போடவும், லோடுக் கணக்குப் பார்க்கவும், சைக்கிள் ஓட்டவும் கற்ற பெண்கள் ஒப்பந்தக்காரர் இல்லாமலே கல்லை விற்றார்கள். குத்தகைக் காலமும் ஆட்சியும் மாறியபின் பழைய கைகள் மீண்டும் நுழையப் பார்த்தன என்பதும் உண்மையே. ஆயினும் கல் எடுத்தே ஆக வேண்டுமானால் அதன் பயன் உடைத்தவளுக்குப் போகலாம் என்று காட்டியது அந்த முயற்சி.

சிக்கராயபுரத்திற்கு வருவோம். தோண்டித் தோண்டி, இனி ஆழம் போகக் கட்டாது என்ற நிலையில் குவாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன. இருபதுக்கு மேற்பட்ட குழிகள். கரை செங்குத்து, இறங்கினால் ஏறப் பிடி இல்லை, மேலே பச்சை நீர் சாதுவாகத் தெரியும், அடியில் எத்தனை ஆழம் என்று கண்ணுக்குத் தெரியாது. கைவிட்ட கல்குட்டைகளில் குளிக்க இறங்கி உயிர்விட்ட பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய செய்தி ஒவ்வொரு கோடையிலும் நாளிதழில் வருகிறது. பெற்றோரே, மறைக்கல்வி ஆசிரியர்களே, இதை மட்டும் தயவுசெய்து பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

பாறைக்குள் நீர் ஓடுவது வெடிப்புகள் வழியாக. குவாரி அந்த வெடிப்புகளை அறுத்துவிடுவதாலும், வேலைக்காக நீரை இறைத்துக்கொண்டே இருப்பதாலும் சுற்றிலுமுள்ள கிணறுகள் வற்றும். வேலை நின்றபின் அதே வெடிப்புகள் வழியாகவும் மழையினாலும் குழி நிரம்பும். இப்படி, கேட்பாரற்றுக் கிடந்த அக்குழிகளில் நீர் சேர்ந்தது.

அந்த நீரின் அருமை விளங்கியது பேரிடரில்தான். 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கி ஒரு நாளுக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை கொட்டியது. ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டு, அடையாறு ஊர்களையும் நகரையும் மூழ்கடித்ததை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏரியைக் கையாண்ட முறையில் தவறு இருந்தது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை 2018-இல் கூறியது. இது நடந்து ஓராண்டுதான் ஆயிற்று. 2016-இல் வடகிழக்குப் பருவமழை அறுபது விழுக்காட்டிற்கு மேல் பொய்த்தது. ஏறத்தாழ 140 ஆண்டுகளில் அத்தகைய வறட்சி இல்லை என்றார்கள். 2017 கோடையில் ஏரிகள் வற்றியபோது, குடிநீர் வாரியத்தார் சிக்கராயபுரம் குட்டைகளின் நீரைச் சோதித்து, சுத்திகரித்தால் குடிக்கத் தகும் எனக் கண்டு, குழாய் போட்டு நம் செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்திற்குக் கொண்டுவந்தனர். நாளொன்றுக்குச் சுமார் மூன்று கோடி லிட்டர். நகருக்குத் தேவையோ எண்பது கோடிக்கு மேல். ஆயினும் குடம் வரிசையில் நின்றவர்களுக்கு அந்த மூன்று கோடியின் மதிப்பு தெரியும். 2019-இல் ஏரி மீண்டும் வறண்டு, ஜூலை 12 அன்று சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த ஆண்டும் குட்டைகள் கை கொடுத்தன.

உலகம் சூடேறச் சூடேற, பெய்தால் பேய்மழை, இல்லையேல் ஒன்றுமில்லை என்ற நிலை வலுக்கும் என்று அறிவியலாளர் கூறுகின்றனர். மூன்றாண்டு இடைவெளியில் நாம் இரண்டையும் கண்டுவிட்டோம். ஒரு கொட்டுக்கு விழும் நீரைப் பிடித்துவைக்க இடம் வேண்டும். ஏரி 24 அடி ஆழத்தில் பரந்து விரிந்து கிடப்பது. வெயில் அதிலிருந்து நிறையக் குடித்துவிடும். குட்டையோ வாய் சிறுத்து வயிறு ஆழ்ந்தது, ஆவியாவது குறைவு. அருகிலுள்ள உபரி நீரைக் குட்டைகளுக்குத் திருப்பும் திட்டங்கள் தீட்டப்பட்டிருப்பது இதனால்தான். அவை நிறைவேறுமுன் லாரிக் குப்பையும் கழிவுநீரும் குட்டைகளை நிரப்பிவிடாமல் பார்க்க வேண்டும். பாறைக் குழியில் கொட்டிய நஞ்சு வெடிப்பு வழியே நம் கிணற்றுக்கு வரும்; அதை வெளியேற்ற வழியில்லை.

காடாக்க முடியாதா என்று இளைஞர் இயக்கத்தார் நம்மிடம் கேட்டனர். கென்யா நாட்டின் மொம்பாசா நகருக்கு அருகே, சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் எடுத்த குவாரியில் ரெனே ஹாலர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1971-இல் மரம் நட்டார். 26 வகையில் பிழைத்தது மூன்றே. அவற்றுள் செழித்தது நமக்குப் பழகிய சவுக்கு. உதிர்ந்த சவுக்கு ஊசிகள் மக்காமல் கிடந்தன. மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை தின்று கழித்ததே மண்ணாயிற்று. பின்பு மீன்குளம், பறவை, விலங்கு எனப் பெருகி இன்று அது ஒரு பூங்கா. மரவட்டையைக் காலால் நசுக்கும் நமக்கு இது புதுப்பாடம். ஆனால் அங்கே பாறை பவளப்பாறை, நீரை உறிஞ்சும், குழியும் ஆழமில்லை. நமது கருங்கல் குழியில் அதை அப்படியே செய்ய இயலாது. இங்கே விளிம்பில் வேலியும், கரைச்சரிவில் மண்ணிட்டு மரமும், குழியில் நல்ல நீரும் என்பதே பொருந்தும்.

பணம் எங்கே என்பார்கள். 2015-இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, மாவட்டந்தோறும் கனிம நிதி அறக்கட்டளை அமைக்க வழி செய்யப்பட்டது. கல் எடுப்போர் செலுத்தும் தொகையில் ஒரு பங்கு, பாதிக்கப்பட்ட ஊர்களுக்கே செலவாக வேண்டும்; குறைந்தது அறுபது விழுக்காடு குடிநீர், சுற்றுச்சூழல், உடல்நலம், கல்வி போன்றவற்றுக்கு என அவ்வாண்டே நெறிமுறை வந்தது. கிராம சபையில் எழுந்து கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதே 2015-இல் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய சுற்றுமடல், பூமியின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் பிரித்துக் கேட்கக்கூடாது என்று வற்புறுத்துகிறது.

நமக்குக் குறையாகத் தோன்றுவது இது. குட்டை நீரைக் குடிக்கலாமா என்று சோதித்தார்கள். அந்தக் குட்டையைத் தோண்டியவர்களின் நெஞ்சைச் சோதித்தவர் யார்? கல்தூசு நுரையீரலில் படிந்தால் வருவது சிலிக்கோசிஸ். வேலையை விட்டுப் பல ஆண்டு கழித்தும் அது வெளிப்படும், முற்றினால் குணமாக்க மருந்தில்லை, காசநோய் எளிதில் தொற்றும். காசநோய் என்றே எண்ணி மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்போர் பலர். இராசத்தான் அரசு 2019-இல் இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. நோய் உறுதியானவருக்கு மூன்று இலட்சம், அவர் இறந்தால் குடும்பத்திற்கு இரண்டு இலட்சம். அங்கே முடிந்தது இங்கேயும் முடியும்.

யூபிலி நினைவாக ஒரு தூண் எழுப்பலாம் எனப் பங்குப் பேரவையில் பேச்சு வந்தபோது, அதுவும் கருங்கல்லில்தானே என்று ஒரு மூதாட்டி கேட்டார். பேரவை அதைத் தள்ளி வைத்தது. அதற்குப் பதிலாக, குவாரியிலும் கிரஷரிலும் வேலை செய்த குடும்பங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கிறோம். எந்த மதத்தினரானாலும் சரி. பெயர், எந்தக் குவாரி, எத்தனை ஆண்டு, இருமல் உண்டா, மனைப்பட்டா உண்டா என்பவற்றை எழுதி, நெஞ்சக ஊடுகதிர்ப் படம் எடுக்கவும் பட்டாவுக்காகவும் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுப்பதாக இருக்கிறோம். ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்கு அலுவலகத்தில் பதிவேடு திறந்திருக்கும். எழுதத் தெரியாதவர்களுக்கு வின்சென்ட் தே பவுல் சபையினர் எழுதிக் கொடுப்பார்கள்.